‘வரமாட்டாங்க’ என்று சொன்ன செவிலி

எங்கள் சுகாதாரத் துறைக்கு இப்போது ஒரு புது வார்த்தை வந்திருக்கிறது. கோச்சிங். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற கோச்சிங் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. மேலே இருக்கிற அதிகாரி, கீழே வேலை செய்கிறவரிடம் சும்மா உத்தரவு போட்டுக்கொண்டிருக்காமல் கேள்வி கேட்க வேண்டுமாம். பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டுமாம். வழியை அவரையே கண்டுபிடிக்க விட வேண்டுமாம். அப்படிச் செய்தால் ஆஸ்பத்திரிகளில் தலைமை பலப்படுமாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் பயிற்சி நடக்கப்போகிறது என்று, மலையில் வேலை பார்க்கும் இரண்டு இளம் செவிலியர்கள் என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

"உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சுங்களாக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருந்தது. என் சர்வீஸில் ஒரே ஒரு டாக்டர் இதைச் செய்தார். அதற்குப் பரிசாக அவரை மலையை விட்டே அனுப்பினார்கள். அதே காரியத்தை இப்போது பஃபே சாப்பாடு போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? பிள்ளைகளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. அவர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது அந்தப் பயிற்சியும் நடந்து முடிந்துவிட்டது. மீதியை எழுதுகிறேன்.

நான் சேலம் பக்கத்துப் பெண். பயிற்சி முடித்துக் கிராம சுகாதார செவிலியராக சேர்வராயன் மலைக்கு வந்தேன். பயிற்சியில் என்ன கற்றாய் என்று கேட்டால், ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், ‘சரிங்க சார்’ சொல்லவும் என்பேன். மூன்றாவதுதான் நித்தமும் உதவியது. நடந்து நடந்து பல ஊர்களின் ஒற்றையடிப் பாதையெல்லாம் காலுக்குப் பழகிய பிறகு, பகுதி சுகாதார செவிலியர் ஆனேன். அதாவது, சில கிராமச் செவிலியர்களுக்கு மேற்பார்வையாளர். அந்தப் பொறுப்பிலேயே ஓய்வும் பெற்றேன். நான் வேலை செய்த ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கட்டடத்தில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

முதலில் எங்கள் ஆய்வுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதாமாதம் நடக்கும். ரெவ்யூ என்போம். நான் சொன்ன அந்த ஒரே டாக்டர், வசந்தா, வருவதற்கு முன் எங்களுக்கு இருந்த மருத்துவ அலுவலர் அதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எங்கள் சப் சென்டர், அதாவது துணை சுகாதார நிலையம், எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் பெயரைச் சொல்லி, "எந்திரி" என்பார். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று இலக்கு வைத்திருப்பார்கள். எதில் குறைந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். அடுத்த குறைக்காரி அகப்படும்வரை உட்காரக் கூடாது. அவள் எழுந்தால் இவள் உட்காரலாம். இதனால் என்ன ஆகும்? நின்றுகொண்டிருக்கிறவள், பக்கத்தில் இருக்கிற தோழி சீக்கிரம் மாட்ட மாட்டாளா என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வாள். ஒருமுறை நிறைமாத வயிற்றோடு இருந்த ஒரு செவிலியை, அவள் பகுதியில் கர்ப்பிணிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நிற்க வைத்தார். அந்த அறையில் இருந்த ஒருவருக்காவது சிரிப்போ அழுகையோ வந்திருக்க வேண்டும். எல்லாரும் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிற்காமல் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல பதில் சொல்லிவிடுவது. "அந்தக் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வந்துருமா?" "வந்துருவாங்க சார்." "ரத்த சோகைக்கு மாத்திரை சாப்பிடுதா?" "சாப்புடறாங்க சார்." அவரும் அதைத்தான் விரும்பினார். அவருக்கு மேலே இருந்தவர் கேட்டால் அவரும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி மலையிலிருந்து மாவட்டம்வரை எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வர வேண்டிய பெண் மட்டும் அவள் ஊரில் ராகி அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வலி எடுத்த பிறகுதான் ஓட்டம். ஜீப் இருக்கிறதா, டிரைவர் எங்கே, ரோடுவரை தூக்கி வர ஆள் உண்டா என்று அப்போது தேடுவோம். அவள் வரமாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் யாரும் எதுவும் ஏற்பாடு செய்திருக்க மாட்டோம். வருவாள் என்று கூட்டத்தில் சொன்ன பிறகு, வராவிட்டால் என்ன செய்வது என்று யாரிடம் போய்க் கேட்பது? வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு கூத்து நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழைய டாக்டர் மாற்றலாகிப் போனார். டாக்டர் வசந்தா வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, குளிர் தாங்காமல் எந்நேரமும் மேலே ஒரு ஸ்வெட்டர். முதல் ரெவ்யூவில் ஒரு செவிலி பழக்க தோஷத்தில் தானாகவே எழுந்து நின்றாள். "கால் வலிக்குதா? ஏன் நிக்கறீங்க?" என்று கேட்டார். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அவருடைய முறை எங்களுக்குப் பிடிபடவே நாளானது. ஒரு கேள்வி கேட்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பேச்சும் இருக்காது. மூலையில் மருந்துக் கிடங்குக்காரர் இருமுவது கேட்கும். நாம் தாங்க முடியாமல், "நீங்களே சொல்லிடுங்க மேடம், செஞ்சுடறேன்" என்றால், "அந்த ஊருக்கு நான் இன்னும் போனதே இல்லை. நீங்க வாராவாரம் போறீங்க. நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்பார். வெளியே வந்ததும் நான் முணுமுணுத்தேன், டாக்டருக்குப் படித்தவர் நம்மைக் கேட்டுத்தான் வேலை செய்வாரா என்று. அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போனபோது அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும். "ஊசியை எடு. வயித்தை அழுத்திப் பிடி. விடாதே. நீ போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடு." நீங்க, வாங்க எல்லாம் பறந்துவிட்டது. அந்தப் பெண் பிழைத்த பிறகு கை கழுவிவிட்டு வந்து, "அவசரத்துல மரியாதை விட்டுப்போச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இன்னொரு முறை, தடுப்பூசி வைக்கிற பெட்டியின் குளிர்நிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதாமல், ஒரே நாளில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் எழுதி வைத்திருந்தார்கள். "இதுல உங்க கருத்தை நான் கேக்கப் போறதில்லை. இது தப்பு. கெட்டுப்போன மருந்தைப் பிள்ளைக்குப் போட்டா என்ன ஆகும்?" என்று முடித்துவிட்டார். எப்போது கேட்க வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்கிற அதிகாரி என்றால் வழவழா கொழகொழா ஆள் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ரேவதி விஷயத்துக்கு வருகிறேன்.

ரேவதி என் மேற்பார்வையில் இருந்த கிராமச் செவிலி. முதல் வேலையே மலையில். சின்னப் பெண், நல்ல வேலைக்காரி. ஆனால் பழைய டாக்டரிடம் பாடம் படித்தவள். எதைக் கேட்டாலும் ஆயிற்று, வந்துவிட்டது, முடிந்துவிட்டது. அவள் பகுதியில் மாரமங்கலத்துக்கும் அப்பால், பஸ் போகாத ஓர் ஊர். அங்கே பழனியம்மா என்ற கர்ப்பிணி. கொஞ்சம் காப்பி, மிளகு, சாமை என்று சொந்தக் காட்டில் பாடுபடுகிற குடும்பம். முதல் குழந்தை சிசேரியன். அதற்கப்புறம் அதிக இடைவெளி இல்லாமல் இரண்டாவது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு மலைமேல் வலி எடுத்துவிட்டால் பழைய தையல் விட்டுப்போகலாம். விட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கீழே கொண்டுபோகிற நேரம்கூடக் கிடைக்காது. தேதிக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ரெவ்யூவில் டாக்டர் கேட்டார். "ரேவதி, பழனியம்மா முன்னாடியே போய்ச் சேந்துடுவாங்களா?"

"வந்துருவாங்க மேடம்."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நானே குறுக்கே புகுந்து, "நான் பாத்துக்கறேன் மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமலே கையை லேசாக உயர்த்தி நிறுத்திவிட்டார். ரேவதியின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அப்புறம் சொன்னாள்.

"வரமாட்டாங்க மேடம்."

அந்த அறையில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. சொன்னவள் பழக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். டாக்டர், "உக்காருங்க. நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. நமக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். குரலில் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. "ஏன் வரமாட்டாங்கன்னு நினைக்கறீங்க?"

அப்போது ரேவதி சொன்னதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கேவலம். முதல் பிரசவத்தின்போது கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பழனியம்மா வலியில் கத்தியிருக்கிறாள். பிரசவ அறையில் இருந்த ஒருத்தி அவள் தொடையில் பளாரென்று அறைந்து, "புருசங்கிட்டப் படுக்கறப்ப இனிச்சுதா, இப்ப மட்டும் கத்தறயா?" என்று கேட்டிருக்கிறாள். பழனியம்மா ரேவதியிடம், "வயித்துல கத்தி வெச்சதுகூட மறந்து போச்சு கண்ணு. அந்த அடி மறக்கல. செத்தாலும் என் ஊட்டுலயே சாவறேன்" என்றாளாம்.

இதைக் கேட்டு அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அறைந்தவள் மேல் மட்டும் இல்லை. அவளை முந்தின நாள் யாரோ நாலு பேர் முன்னால் நிற்க வைத்திருப்பார்கள். நிற்க வைத்தவரை அவருக்கு மேலே ஒருவர் போனில் கிழித்திருப்பார். ஒருவர் வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். வாங்கியதைக் கொடுக்கக் கீழே ஆள் இல்லாதவள் அந்தக் கட்டிலில் காலை விரித்துப் படுத்திருக்கிற பெண் ஒருத்திதான். அவள் என்ன செய்வாள்? அடுத்த தடவை வராமல் இருப்பாள். உடனே அறியாமை என்று நாம் அறிக்கை எழுதுகிறோம். யாருடைய அறியாமை?

டாக்டர் ரேவதியிடம் அடுத்த கேள்வி கேட்டார். "என்ன செஞ்சா அவங்க வருவாங்க?"

இந்த முறை சீக்கிரம் வாய் திறந்தாள்.

"நானும் கூடப் போறனுங்க மேடம். பிரசவ ரூமுக்குள்ள அவங்க பக்கத்துலயே நிக்கறேன். நான் இருந்தா யாரும் கை நீட்ட மாட்டாங்கன்னு நம்புவாங்க."

"அதுக்கு என்கிட்ட என்ன வேணும்?"

ஒரு மருத்துவ அலுவலர் ஒரு கிராமச் செவிலியிடம் இப்படிக் கேட்டு என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. ரேவதி தைரியமாகவே கேட்டாள். அவள் இல்லாத நாட்களில் சப் சென்டர் பூட்டியிருந்தால் யாரும் ஏசக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விடச் சொல்லி டாக்டர் பேசி வைக்க வேண்டும். பழனியம்மாவின் மூத்த குழந்தையையும் மாமியாரையும் கூட அழைத்துப்போக ஜீப் வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு அவள் கிளம்ப மாட்டாள். மூன்றையும் டாக்டர் ஒப்புக்கொண்டார். ரேவதியின் ஊர்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். எனக்கும் அந்த அறையில் ஏதோ செய்ய வேண்டும் போல இருந்தது.

ரேவதி அந்த ஊருக்கு நடந்துபோய் பழனியம்மாவிடம் பேசினாள். நானும் போயிருந்தேன். அவள் களை கொத்திக்கொண்டே காது கொடுத்தாள். "நீ நெசமா உள்ளுக்குள்ள வருவயா கண்ணு? கதவுகிட்ட நின்னுக்கிட்டு வந்தேன்னு சொல்லப்படாது" என்றாள். "உங்க கையப் புடிச்சுக்கிட்டே இருக்கறேனுங்க" என்றாள் ரேவதி. பழனியம்மா களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "ஏனுங்க நர்சம்மா, இந்தப் புள்ளயவும் தொரத்திட்டாங்கன்னா?" என்று என்னைக் கேட்டார். "டாக்டரம்மாவே பேசி வெச்சிருக்காங்க" என்றேன். நாள் குறித்துக்கொண்டு கிளம்பினோம்.

குறித்த நாளில் ஜீப் ரோட்டில் நின்றது. எல்லாரும் நடந்து வந்து ஏறினார்கள். வளைவு அதிகமில்லாத குப்பனூர்ப் பாதையில் மெதுவாக இறங்கச் சொல்லி அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், தேதி வராமலே வலி ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பேசி வைத்தது தெரியாமல், அங்கே வேலையில் இருந்தவர்கள் ரேவதியை, "நீ யாரு? வெளிய போ" என்றிருக்கிறார்கள். உடனே பழனியம்மா கட்டிலை விட்டு இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். வலியோடு! "இந்தப் புள்ள போனா நானும் எங்கூட்டுக்குப் போறேன்" என்று வராந்தாவரை வந்துவிட்டாள். ரேவதி டாக்டர் வசந்தாவுக்குப் போன் போட்டாள். அவர் அங்கிருந்த பெரிய டாக்டரிடம் பேசினார். அவர் நல்ல மனிதர், தானே வந்து ரேவதியை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அதே நேரத்தில் மலையில் என்ன நடந்தது தெரியுமா? மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி திடீர் ஆய்வுக்கு வந்தார். ரேவதியின் சப் சென்டரில் பூட்டு. நான் ரேவதிக்குப் பதிலாகக் கரடியூரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் கேட்கவில்லை. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பூட்டைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘இதுதான் மலையில் நடக்கும் மக்கள் சேவை’ என்று எழுதினார். உடனே கீழே வரிசையாக, ‘நடவடிக்கை எடுக்கப்படும் சார்’, ‘வருந்துகிறோம் சார்’. அந்தப் படம் ரேவதியின் போனிலும் வந்திருக்கிறது. அவள் ஒரு கையால் போனை அணைத்துப் பையில் போட்டாளாம். இன்னொரு கை பழனியம்மாவிடம் இருந்தது.

ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் நலம். பழைய தையல் நைந்த துணிபோல மெலிந்துபோயிருந்தது, மலையில் வலி எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்று அந்தப் பெரிய டாக்டர் ரேவதியிடம் சொல்லியிருக்கிறார். அவள் எனக்குப் போனில் இதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். நானும் கரடியூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன்.

அடுத்து வந்த ஆய்வுக் கூட்டத்துக்கு, பூட்டைப் படம் எடுத்த அந்த அதிகாரியே வந்தார். ரேவதியை எழுந்து நிற்கச் சொன்னார். டாக்டர் வசந்தா எழுந்துவிட்டார். "நான் சொல்லித்தான் அவங்க போனாங்க சார். கேக்கறதை என்னைக் கேளுங்க."

"நீங்க சொன்னீங்களா, அவங்க சொன்னதுக்கு நீங்க தலையாட்டுனீங்களா?"

"அவங்க யோசனை சொன்னாங்க. சரியா இருந்துச்சு. நான் உத்தரவு போட்டேன்."

"நீங்க மெடிக்கல் ஆபீசர்ங்க. ஸ்டாஃப் சொல்றதக் கேட்டு ஆடறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

"அவங்க சொல்றதைக் கேக்கறதும் என் வேலைதான் சார்."

தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் அதைச் சொல்லப்போனபோது, "அது வேற, இது வேற" என்றார். எது வேறு ஐயா? எதற்காக அந்தப் பூட்டு, எதற்காக அந்தக் கட்டடம், எதற்காக நீங்களும் நானும்? மனதுக்குள்தான் கேட்டேன். ரேவதிக்கு மெமோ வந்தது. டாக்டர் வசந்தாவுக்கு, பணியாளர்கள் மீது கட்டுப்பாடு இல்லை என்று காரணம் காட்டி, மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு சமவெளி நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அவர் கிளம்பிய அன்று பழனியம்மா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். டாக்டரிடம், "எங்களால உங்களுக்கு வந்த வெனயா சாமி இது?" என்று கேட்டாள். "இல்லம்மா, எனக்குக் குளிர் ஒத்துக்கலை" என்று சிரித்தார் டாக்டர். ரேவதி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்தவர்கள் பழையபடி ஊர்ப் பெயரைச் சொல்லி எழுப்பினார்கள். நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ரேவதி வந்தாள்.

அந்தப் பிள்ளைகள் சொன்ன ஏற்காட்டுப் பயிற்சிக்கு, மூத்தவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். டாக்டர் வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தயாராகப் போனேன். தொடக்க உரை ஆற்ற வந்த உயர் அதிகாரி, பணியாளர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று, யாரையும் பேச விடாமல் மதியம்வரை பேசிவிட்டு, முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார். என் பேச்சுக்கு நேரம் இல்லை என்று ஒரு துண்டைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். "உங்க வேலையில பயப்படாம உண்மையைச் சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். ரேவதியின் முறை வந்தது. நான் அவளையே பார்த்தேன். "எனக்கு அப்படி எதுவும் இல்லீங்க சார்" என்றாள். பயிற்சி முடிகிறவரை அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், குறுக்கே பேசாமல் எல்லாரையும் கவனித்தவர் என்று, நன்றாகக் கேட்பவருக்கான சான்றிதழை அவளுக்கே கொடுத்தார்கள். கை தட்டினார்கள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்து நடந்து வந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் கண்ணு, உன்னை விட்டா அங்க சொல்றதுக்கு யாருக்கு என்ன இருந்துச்சு? பழனியம்மாவ நீ கொண்டுபோனதச் சொல்லியிருக்கலாமல்ல? இத்தனைக்கும் இப்ப இருக்கற டாக்டர் தம்பி நம்ம டாக்டரம்மா மாதிரியே எல்லாரயும் கேட்டுத்தான் செய்யறாருன்னு நீதான சொன்ன? அவரும் முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. இன்னும் எதுக்குப் பயம்?"

ரேவதிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எதுக்குங்கக்கா பயம்? அந்தப் பெரிய ஆபீசரு முன்னாடி, நாங்க சொல்லி எங்க டாக்டரு கேக்கறாருன்னு என்ற வாயாலயே சொல்லச் சொல்றீங்களா? ஒருதரம் சொன்னனுங்க. பழனியம்மா பொழச்சுது, டாக்டரம்மா போயிட்டாங்க. இந்த டாக்டரு நொம்ப நல்லவருங்கக்கா. அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு பொண்ணு கீழ ஆஸ்பத்திரிக்கு எறங்கோணும். இவராச்சும் இங்கயே இருக்கட்டும்."